மின்சாரத்தைப் பாடவைக்கும் கருவி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"இசை பற்றி ஏதேனும் பேசுங்கள்" என்று சங்கத்தார் பணித்தபோது, பழந்தமிழ்ப் பண்களைப் பற்றியோ யாழின் வகைகளைப் பற்றியோ யாம் பேசுவோம் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடைத்தெருவைச் சார்ந்தது. இக்குடியிருப்பில் வாழும் பெற்றோர் சிலர் அண்மைக் காலத்தில் எம்மை வழியில் நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, பையன் சிந்தசைசர் வேண்டுமென்கிறான். கீபோர்டு வாங்கித் தருகிறேன் என்றால் அது வேண்டாவாம், அனலாக்தான் வேண்டுமாம். அஃது என்ன பொருள்? வாங்கித் தரலாமா?" பையன் மட்டும் அல்லன்; பெண்ணும் கேட்கிறாள். தெருவில் நின்று விடை சொல்லி முடிக்க இயலாத கேள்வி இது. ஆதலின் இம்மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

இக்கேள்வியை எளிதாக எண்ணிவிடலாகாது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதி நாளன்று சுரங்கம் மூடப்பட்ட பின், இவ்வூரில் ஒவ்வொரு ரூபாயும் இருமுறை எண்ணப்பட்டே வீட்டை விட்டு வெளியேறுகிறது. மாரிக்குப்பத்திலும் ஊரிகத்திலும் விடியுமுன் வண்டியேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் ஒருவர், தம் ஊதியத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு கருவியை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று திங்களில் அஃது அலமாரியின் மேல் துணி போர்த்திக் கிடக்கிறது. போன பணம்கூடப் பெரிதன்று. "உனக்கு இசை வராது" என்று வீட்டில் அப்பிள்ளைக்குச் சூட்டும் பெயர் இருக்கிறதே, அதுதான் பெரிது. பல நேரங்களில் பிள்ளைக்கு இசை வராமற் போகவில்லை. பொருந்தாத கருவி வந்துவிட்டது, அவ்வளவே.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். சிந்தசைசர் என்பதற்கு அறிஞர் சிலர் தமிழ்ச் சொற்களை ஆக்கியிருக்கின்றனர். எதுவும் மக்கள் நாவில் வேரூன்றவில்லை. ஆர்மோனியத்தை ஆர்மோனியம் என்றும் பிடிலைப் பிடில் என்றும் ஏற்றுக்கொண்ட நாம், இதனையும் அவ்வாறே ஏற்பதில் தமிழுக்கு இழுக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது.

நம் ஊருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பழையது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 92 மைல் தொலைவு கம்பி இழுத்து 1902ஆம் ஆண்டில் கொண்டுவந்த மின்சாரம், முதன்முதலில் இத்தங்கவயலுக்கே வந்தது. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1905இல்தான். வந்த மின்சாரம் கல்லை இடித்தது. சுரங்கத்துக்காகப் பொறிகளை ஓட்டியது. நம் பாட்டன்மார் காதுக்கு மின்சாரத்தின் ஓசை என்றால் பொறியின் இரைச்சல்தான். அதே மின்சாரத்தை இடையில் வேறெதனையும் வையாமல் நேரே பாடச் சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் இக்கருவியின் கதை.

வீணையில் நரம்பு அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. பறையில் தோல் அதிர்கிறது. அனலாக் சிந்தசைசரில் அதிர்வது மின்னழுத்தம். அஃது எவ்வாறு என்று கேட்பீராயின், குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயின் கீழ் ஒரு குடம். நீர் சீராக ஏறுகிறது. விளிம்பைத் தொட்டவுடன் யாரோ ஒருவர் சட்டென்று கவிழ்த்துவிடுகிறார். மீண்டும் ஏறுகிறது, மீண்டும் கவிழ்கிறது. குடத்தின் இடத்தில் கெப்பாசிட்டர் என்னும் சிறு பொருளை வையுங்கள். நீரின் இடத்தில் மின்சாரத்தை வையுங்கள். இந்நிறைதலும் கவிழ்தலும் வினாடிக்கு 440 முறை நிகழுமாயின், ஒலிபெருக்கியில் நம் காதுக்கு ஒரு சுரமாகக் கேட்கும். குழாயைச் சற்று அதிகமாகத் திறந்தால் குடம் விரைந்து நிறையும். சுரம் மேலே ஏறும். குறைத்தால் இறங்கும். மெல்ல ஏறிச் சட்டென்று வீழும் இவ்வலையைத் தாளில் வரைந்தால் இரம்பத்தின் பல்லைப் போல் இருக்கும். இரம்பப்பல் அலை என்றே இதனை வழங்கலாம். விளக்கின் சுவிட்சைப் போட்டு அணைப்பது போல் இரண்டே நிலைகளுக்கிடையில் மின்னழுத்தம் தாவுமாயின் அது சதுர அலை. முன்னது வில்லிசைக் கருவி போல உரத்துப் பேசும்; பின்னது கிளாரினெட்டின் குரலில், உள்ளே வெற்றிடம் இருப்பது போலப் பேசும்.

இவ்வலை பச்சை மண். காதுக்குக் கரகரப்பாகவே இருக்கும். இதனைப் பாண்டமாக்குவது வடிப்பான். கருவியின் மேல் பில்டர் என்று எழுதியிருப்பார்கள். 'ஊ' என்று தொடங்கி, சுரத்தை மாற்றாமல் 'ஆ' என்று வாயைத் திறந்து பாருங்கள். இப்போதே செய்யலாம், வெட்கப்பட வேண்டுவதில்லை. தொண்டை ஒரே சுரத்தில்தான் அதிர்கிறது. வாயின் வடிவம் மாறியதால் ஒலியின் நிறம் மாறிவிடுகிறது. வடிப்பானின் குமிழைத் திருகுவதும் ஏறத்தாழ இதே செயல்தான். குறைத்து வைத்தால், அடுத்த வீட்டில் பாடும் வானொலி சுவருக்கு அப்பால் கேட்பது போல் அடிக்குரல் மட்டும் வரும். திறந்தால் கதவைத் திறந்தது போல் முழுவதும் வரும்.

அடுத்தது, ஒலி எவ்வாறு எழுந்து எவ்வாறு அடங்க வேண்டும் என்பது. பறையில் அடி விழுந்த அந்நொடியே ஓசை உச்சியில் நிற்கும், உடனே வீழும். கோயில் மணியும் உடனே எழும். ஆனால் நெடுநேரம் கரையும். வயலின் வில் மெல்லத் தொடங்கி, இழுக்கும் வரை நின்று, கையெடுத்ததும் ஓயும். இவ்வேறுபாடுகளையெல்லாம் நான்கு குமிழ்கள் ஆள்கின்றன. எழுச்சி, சரிவு, நிலை, அடக்கம் என்று அவற்றை நாம் சொல்லலாம். அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் என்று கருவியின் மேல் அச்சிட்டிருக்கும். அலை, வடிப்பான், எழுச்சியும் அடக்கமும் ஆகிய இவை மூன்றும் விளங்கிவிட்டால் கையடக்கக் கருவியும் சுவரளவு கருவியும் ஒன்றாகவே விளங்கிவிடும். எஞ்சியவை எல்லாம் இவற்றின் விரிவுகளே.

இக்கருவி நமக்குப் புதிது என்று எண்ணுவோர் 1954இல் வெளிவந்த 'நாகின்' என்னும் இந்திப் படத்தை நினைவுகூர்தல் வேண்டும். அப்படத்தின் மகுடி ஓசை கேட்டு நாடே தலையாட்டியது. ஆனால் அது மகுடி அன்று. ஹேமந்த் குமாரின் இசையமைப்பில் கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலினும் ரவி வாசித்த ஆர்மோனியமும் கலந்து எழுந்த ஓசையே அது. கிளாவியோலின் என்பது பிரெஞ்சுக்காரரான கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947இல் ஆக்கிய, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பாடும் மின்கருவி. இன்றைய சிந்தசைசரின் மூத்த உறவினர். இன்னோர் உறவினர் உங்களுள் பலர் வீட்டுப் பூசையறையிலேயே இருக்கிறார். பெங்களூரில் பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணு முறையில் சுருதிக் கருவிகளைச் செய்யத் தொடங்கிய காலத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று மின்சுருதிப்பெட்டி இல்லாத பாட்டு வகுப்பைக் காண்பது அரிது.

இனி, அனலாக் என்று பிள்ளைகள் அழுத்திச் சொல்வதன் பொருளுக்கு வருவோம். நம்மைப் பொறுத்தவரை இவ்வுரையின் உயிர்நிலை இதுவே. ஆதலின் சற்று நின்று பேசுவோம்.

1940ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள் தொட்டு, அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கருவியை வானொலிக்கு வெளியே நிறுத்தியதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் முதன்மையானது, அதன் கட்டைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடம். நம் இசையில் சுரம் என்பது ஊன்றி நிற்கும் கல் அன்று, ஓடும் நீர். தோடியின் காந்தாரத்தை எந்த ஒரு கட்டையில் கண்டுபிடிப்பது? ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் அது அசைந்துகொண்டே இருக்கிறது. ஆர்மோனியத்தில் அந்நடுவில் ஒன்றுமில்லை. இதனால் ஆர்மோனியத்தை யாம் பழிப்பதாகக் கொள்ளவேண்டா. நாடக மேடைக்கும் பஜனை மடத்துக்கும் தேவாலயத்துக்கும் அது செய்த தொண்டை மறுப்பவர் நன்றி மறந்தவர். ஆனால் குறை குறைதான்.

600 ஒலிகள் உண்டு என்று விளம்பரம் செய்து விற்கும் மலிவான கீபோர்டு, இவ்வொரு வகையில் ஆர்மோனியத்தின் பேரப்பிள்ளையே. அதனுள் ஒலிகள் எண்களாகப் பதிந்து கிடக்கின்றன. கட்டையை அழுத்தினால், பதிந்து வைத்த ஒன்றை அது நமக்கு எடுத்துக் கொடுக்கிறது. அனலாக் கருவியிலோ கட்டை ஒரு மின்னழுத்தத்தைத் தருகிறது. சுரம் அம்மின்னழுத்தத்தைத் தொடர்ந்து போகிறது. ஒரு வோல்ட்டு ஏறினால் ஒரு தாயி ஏறும் என்பது இத்துறையில் பெரிதும் வழங்கும் அளவு. அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையில் வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்குக்குள்ளும் சுவர் ஏதும் இல்லை. வழி நெடுகச் சுரமே. கிளைடு என்று எழுதிய குமிழைத் திருகிவிட்டு ஒரு கட்டையிலிருந்து மற்றொரு கட்டைக்குப் போனால், ஆம்புலன்சு வண்டியின் சங்கு ஏறி இறங்குவது போல, இடையில் உள்ள ஒன்றையும் விடாமல் ஒலி வழுக்கிச் செல்லும். இடப்புறம் உள்ள சக்கரத்தையோ தண்டையோ விரலால் அசைத்தால் சுரம் நடுங்கும்.

அதனால் கமகம் தானே வந்துவிடும் என்று எவரும் நம்பிவிடவேண்டா. குமிழ் தரும் வழுக்கல் ஒரே வேகத்தது. ஓர் இராகம் கேட்கும் அசைவோ இடத்துக்கு இடம் வேறுபடும். விரலும் செவியும் பழகவேண்டும். எண்முறைக் கருவியிலும் இதனைச் செய்தல் கூடும் என்பதற்கு, கீபோர்டிலேயே முழுக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் சான்று; அவர் திறமைக்கு முன் எம் வாதம் சற்றே தலைகுனியும். எனினும் தொடங்குகின்ற பிள்ளைக்கு, சுரத்தின் நடுவழி கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கையெட்டும் குமிழாக இருப்பது பெரும் பேறு. 600 ஒலிகளுள் எது என்று தேடி அலையும் பிள்ளை கடைக்குப் போன பிள்ளை. ஒரே அலையை வைத்துக்கொண்டு அதனைக் குழலாகவும் மணியாகவும் இடியாகவும் ஆக்கப் பழகும் பிள்ளை பட்டறைக்குப் போன பிள்ளை. சுரங்கத்திலும் பட்டறையிலும் கை பழகிய குடும்பங்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கவேண்டுவதில்லை.

மலிவான அனலாக் கருவிகளுள் பல, ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே பாடும். மேலைநாட்டார் இதனைக் குறையாகக் கருதுவர். அவர்கள் இசைக்குப் பல சுரங்கள் ஒருங்கே ஒலித்தல் வேண்டும். நம் இசையோ ஒற்றை இழை. நாகசுரம் ஒரு நேரத்தில் இரண்டு சுரம் ஊதுகிறதா? ஒரு குரல் போதும்.

இதனை நம் நாட்டில் செய்து காட்டியவர் உண்டு. சரண்ஜித் சிங் என்பவர் பம்பாய்ப் படவுலகில் பிறர் இசையமைப்புக்கு வாசித்துப் பிழைத்த கலைஞர். 1982இல் அவர் பத்து இராகங்களை எடுத்துக்கொண்டு, டிஸ்கோத் தாளத்தின் மேல் சிந்தசைசரில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவர் கையாண்ட கருவிகளுள் ஒன்று ரோலண்டு நிறுவனத்தின் டி.பி.303. கித்தார் வாசிப்பவர்க்குத் துணையாகக் கீழ்ச்சுரம் ஒலிக்கட்டும் என்று செய்த சிறு பெட்டி அது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கும் இயல்பு அதற்கு உண்டு. இசைத்தட்டு விலைபோகவில்லை. அப்பெட்டியும் விலைபோகவில்லை, 1984இல் செய்வதை நிறுத்திவிட்டார்கள். பின்னர் அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர் சிலர் அப்பெட்டியைப் பழையதாக மலிவில் வாங்கி, அதன் வடிப்பான் குமிழை வாசிக்கும்போதே திருகிப் பார்த்தனர். 1987இல் வெளிவந்த 'ஆசிட் டிராக்ஸ்' என்னும் இசைத்தட்டிலிருந்து ஒரு புதிய இசைவகையே கிளைத்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 2010இல் சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு மறுபதிப்பாக வந்தபோது, சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே பம்பாயில் இவ்வோசை பிறந்திருந்ததைக் கேட்டு உலகம் மூக்கின்மேல் விரலை வைத்தது. முதுமையில் அவர் மேடையேறிப் பாராட்டுப் பெற்றார், 2015இல் மறைந்தார். எவரும் விரும்பாத மலிவுப் பொருளிலிருந்து இரு நாடுகளில் இருவேறு வகையினர் புதுமை கண்டனர் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்வார்களாக.

அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் 1969இலேயே மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவி மின்னிசைக் கூடம் அமைத்தார்கள். அதற்குத் தூண்டுகோலாய் நின்றவர் கீதா சாராபாய். கருவியை நிறுவ வந்தவர் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர். அங்கே பதிவான ஒலிநாடாக்கள் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. அரிய கருவி ஓர் அறையில் இருந்தது. அறைக்கு வெளியே இருந்தவர்க்கு அதனால் பயன் இல்லை. விலை அப்படி.

அமெரிக்கரான ராபர்ட் மூக் தம் முதற் கருவியை 1964இல் ஆக்கினார். மேசை மேல் வைக்கத்தக்க மினிமூக் 1970இல் வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 1,500 டாலர். நம் ஊர்த் தொழிலாளி அக்காலத்தில் அதனைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. இன்றோ நிலை தலைகீழ். 2010இல் கோர்க் நிறுவனம் மோனோட்ரான் என்னும் உள்ளங்கையளவு அனலாக் கருவியை ஏறத்தாழ 60 டாலருக்கு விற்றது. 2013இல் அதே நிறுவனத்தின் வோல்கா வரிசை ஏறத்தாழ 150 டாலருக்கும், 2017இல் மோனோலாக் ஏறத்தாழ 300 டாலருக்கும் வந்தன. மினிமூக்கைப் பார்த்துப் பெரிங்கர் நிறுவனம் செய்த 'மாடல் டி'யும் ஏறத்தாழ 300 டாலருக்கே வந்தது. பழைய காப்புரிமைகள் காலாவதியாயின. கையால் பற்றவைத்த பாகங்கள் எறும்பளவு சுருங்கிப் பொறியே அவற்றைப் பலகையில் பதிக்கிறது. அதனால் வந்த மலிவு இது. இறக்குமதி வரியும் வணிகர் ஊதியமும் சேர்வதால் இந்நாட்டு விலை டாலர்க் கணக்கைவிடக் கூடியே இருக்கும். கடைக்குக் கடை வேறுபாடும் உண்டு. மூன்று இடத்தில் கேளாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

எதை வாங்குவது? எம்மைக் கேட்டால், முதற்கருவியில் கட்டைகள் இருக்கவேண்டும் என்போம். மாடல் டி போன்ற பெட்டிகளில் கட்டை கிடையாது. அவற்றைப் பாடவைக்கத் தனியே ஒரு கட்டைப்பலகையும் கம்பியும் வாங்கவேண்டும். 'மலிவாகக் கிடைத்தது' என்ற மகிழ்ச்சி அத்துடன் ஓடிவிடும். வோல்காவில் இருப்பவை தொடுகட்டைகள். கட்டைவிரல் பருத்தவர்க்குத் தொல்லைதான், எனினும் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். அதில் சிறிய ஒலிபெருக்கி உள்ளேயே உண்டு. பெட்டியைத் திறந்தவுடன் ஒலி கேட்கலாம். மோனோலாக்கில் 25 சிறு கட்டைகள். அதில் எம்மைக் கவர்ந்தது வேறொன்று: ஒவ்வொரு கட்டையின் சுரத்தையும் நாம் விரும்பும் அளவுக்குச் சற்று ஏற்றியோ இறக்கியோ வைத்துக்கொள்ளும் வசதி. மேலைநாட்டுச் சமப்பகுப்பை விட்டு, நம் காது ஒப்பும் காந்தாரத்தையும் தைவதத்தையும் அதிலேயே நிறுத்தலாம். புதியது கிடைக்காவிடின் பழையதாகத் தேடலாம். இவ்விரு வகையும் ஆறு சிறு பேட்டரிகளில் இயங்குவன, மின்வெட்டுக்கு அஞ்சவேண்டா. ஆனால் சுவரில் செருகும் அடாப்டரைப் பல கருவிகளுடன் தருவதில்லை. தனியே வாங்கும்போது எத்தனை வோல்ட்டு, நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதைக் கருவியின் பின்புறம் பார்த்து ஒப்பிட்டே வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்பார். ஒன்றல்ல. மாறிச் செருகினால் கருவியே பாழாகலாம். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமனோ சித்தப்பாவோ கொண்டுவரும் கருவிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதை அவர் விமானம் ஏறுமுன் கேட்டு வையுங்கள்.

ஆக்கிய ஒலியை நினைவில் வைக்கும் வசதி சில கருவிகளில் இல்லை. அதனைக் குறை என்று தள்ளவேண்டா. கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் குமிழ்கள் நின்ற நிலையை வரைந்து வைக்கும் பிள்ளை, ஒரே ஆண்டில் தான் என்ன செய்கிறான் என்பதை உணர்ந்துவிடுகிறான். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி நல்ல ஒலியைப் பெற்றவனுக்கு அது ஏன் நல்லது என்று தெரிவதில்லை.

தலையில் அணியும் கேள்கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். லைன் வீடுகளில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவர் அச்சுவருக்கு அப்பால் இருப்பார். வடிப்பானின் கீச்சொலியை முதன்முறை கேட்கும் அண்டைவீட்டு அம்மையார் எம்மீது பழி சுமத்துவதை யாம் விரும்பவில்லை.

பழைய கருவி வாங்குவோர் அவசரப்படாதிருத்தல் நலம். அனலாக் கருவியின் சுரம் வெப்பத்தால் சற்றே நகரும் இயல்புடையது. ஆதலின் அதனைப் பத்துப் பதினைந்து நிமிடம் இயக்கிவிட்டு, அதன்பின் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொண்டு, கீழ்த்தாயி தொடங்கி மேல்தாயி வரை ஒவ்வொரு சட்சத்தையும் சரிபாருங்கள். ஒரு தாயியில் ஒத்து மற்றொன்றில் விலகினால் அதனைத் திருத்தப் பொறியறிந்தவர் வேண்டும். ஒவ்வொரு குமிழையும் முழுதும் திருகுங்கள். கரகரவென்று இரைந்தால் தூசு. பெரும்பாலும் தூய்மை செய்தால் தீரும். ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஒரு கட்டையையும் விடாமல் அழுத்திப் பாருங்கள்.

யார் இதனை வாங்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுதல் நேர்மை. தேவாலயப் பாடகர் குழுவுக்குத் துணைவாசிக்க விரும்பும் தங்கைக்கு நான்கு குரல்கள் ஒருங்கே ஒலிக்கவேண்டும். திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழுவுடன் வாசித்து நாலு காசு ஈட்ட எண்ணும் தம்பிக்குத் தாளமும் பின்னணியும் தானே வரும் கீபோர்டே சோறு போடும். அவர்கள் ஒற்றைக்குரல் அனலாக்கை வாங்கிவிட்டு ஏமாறவேண்டா. இசைக்கருவி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட கதை நாடறிந்ததே. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபோது, வீட்டில் அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அக்குடும்பம் நாட்களைக் கடத்தியது. அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த மகன்தான் பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். கருவியின் மேல் போட்ட பணம் வீண் என்று யாம் ஒருநாளும் சொல்லோம். ஆனால் மாதத்தவணையில் வாங்குவதற்கு மட்டும் எம் ஒப்புதல் இல்லை. பொழுதுபோக்கின் வட்டி அடுப்பங்கரை வரை வந்துவிடும்.

பணமே இல்லாதவர் என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. வீட்டில் கணினி இருக்குமாயின் வி.சி.வி. ராக் என்னும் மென்பொருளை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். அலை, வடிப்பான் எல்லாம் திரையில் தனித்தனிப் பெட்டிகளாக நிற்கும். கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். பணம் உள்ளவரும் முதலில் ஒரு திங்கள் இதில் பழகட்டும். அத்திங்கள் முழுதும் பிள்ளை இதனை விட்டு எழவில்லை என்றால் கடைக்குப் போகலாம். ஒரு வாரத்தில் சலித்துவிட்டால் பணம் மிச்சம்.

மற்றொரு வழியே எமக்கு மிக உவப்பானது. பெங்களூர் எஸ்.பி. சாலையில் 40106 என்னும் எண்ணுள்ள சிறு சில்லு ஒன்றை வாங்குங்கள். ஒரு கெப்பாசிட்டர், சுழற்றும் குமிழுடன் கூடிய ஒரு மின்தடை, 9 வோல்ட்டு பேட்டரி ஒன்று, பழைய வானொலியிலிருந்து எடுத்த ஒலிபெருக்கி, இவற்றோடு ஒலியைச் சற்று உயர்த்த ஒரு சிறு பெருக்கிச் சில்லு. எல்லாம் சேர்ந்தும் ஒருவேளை வெளியில் சாப்பிடும் செலவைத் தாண்டாது. சில்லின் ஒரு வாயிலின் உள்முனைக்கும் தரைக்கும் இடையில் கெப்பாசிட்டர். உள்முனைக்கும் வெளிமுனைக்கும் இடையில் மின்தடை. அவ்வளவே. முன்னர்ச் சொன்ன குடம் நிறைந்து கவிழத் தொடங்கிவிடும். குமிழைத் திருகினால் சுரம் ஏறி இறங்கும். ஒரே சில்லில் இத்தகைய ஆறு வாயில்கள் உண்டு. பயன்படாதவற்றின் உள்முனைகளைத் தரையோடு இணைத்துவிடவேண்டும், இல்லையேல் அவை தாமே குழம்பும். ஐ.டி.ஐ. படித்த அண்ணன்மார் இல்லாத தெரு நம் ஊரில் ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். பற்றவைக்கும் கோல் சுடும் என்பதால் சிறுவர்கள் பெரியவர் துணையின்றித் தொடவேண்டா.

இவ்வாறு செய்த பெட்டி ஒன்றும், கடையில் வாங்கிய சிறு கருவி ஒன்றும் மேடைக்கு வலப்புறம் உள்ள மேசையில் இருக்கின்றன. நிகழ்ச்சிகள் முடிந்ததும் விரும்புவோர் வந்து குமிழ்களைத் திருகிப் பார்க்கலாம். ஒருவர்க்கு ஐந்து நிமிடம், வரிசையில் சிறுவர்கள் முதலில். தாய்மார்கள் பின்னின்று பார்ப்பதோடு நிறுத்தாமல் தாமும் வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். சிற்றுண்டிப் பந்தியில் வடை பரிமாறுகிறார்கள் என்று அறிகிறோம். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்.